லைவ் ராக்கோடு ஒளிந்து வந்தவை: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

நள்ளிரவு டார்ச் (சிங்கப்பூர்)

கடல்மீன் வளர்க்கிற என் டேங்கில் லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கிற கடல் கல்) வைத்திருக்கிறேன். லைட் அணைந்து கொஞ்ச நேரத்தில் டேங்கிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். சில ராத்திரி ஒன்றோடு நின்றுவிடும், சில ராத்திரி வரிசையாகக் கேட்கும். ஹீட்டர் கண்ணாடியில் இடிக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? ஓடுவது தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர்.

அப்புறம் ஹெர்மிட் நண்டுகளின் ஓடுகள் மணலில் கிடக்க ஆரம்பித்தன. நண்டு தானாகச் செத்தால் ஓடு முழுசாக இருக்கும். இவை விளிம்பிலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தன. டார்ச்சில் சிவப்பு செல்லோஃபேன் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இடது மூலைக் கல்லில் ஒரு வட்டமான ஓட்டை. அதிலிருந்து தண்டு வைத்த இரண்டு கண்கள் மேலே வந்தன. ஒன்று என் பக்கம் திரும்பி நின்றது. மற்றது தன்பாட்டுக்குச் சுழன்று, மேலே போன கோபி மீனைத் தொடர்ந்தது. இரண்டு கண்ணும் இரண்டு வேலை பார்த்ததை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடுகிற பிஸ்டல் இறால்தான், பயப்படாதீர்கள் என்கிறார் கடைக்காரர். எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் டேங்கில் இப்படி எதையாவது பார்த்தீர்களா?

சம்ப்வாசி (டொராண்டோ)

மாண்டிஸ் இறால் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். பிஸ்டல் இறாலின் கண் தலை ஓட்டுக்குள் மூடியிருக்கும், இப்படி வெளியே நீட்டிச் சுழலாது. உடைந்த ஓடு இன்னொரு சாட்சி. கல்லோடு வருகிற சின்ன மாண்டிஸ்கள் பெரும்பாலும் குத்தி உடைக்கிற ஜாதி.

என் கதை சின்னது. சம்பில் (டேங்க் தண்ணீரை வடிகட்டுகிற தனித் தொட்டி) பம்ப்பை எடுக்கக் கையை விட்டேன், ஏதோ மெத்தென்று பட்டது. வெளியே எடுத்தபோது விரல் நுனி முழுக்க வெள்ளை முடி, பம்ப்புக்கு அடியில் ரோஸ் நிறப் புழு ஒன்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்கினேன், வினிகரில் விரலை முக்கினேன். எரிச்சல் மறுநாளும் இருந்தது. புழுவை ஒன்றும் செய்யவில்லை. மீன் தின்னாமல் விட்ட தீனியை இதுதான் தின்கிறது, இது இல்லாவிட்டால் தீனி அழுகித் தண்ணீரில் நைட்ரேட்தான் ஏறும்.

கல்தச்சன் (லண்டன்)

சம்ப்வாசி, "ஒன்றும் செய்யவில்லை" என்று பெருமையாக எழுதுகிறீர்கள். எல்லாப் புழுவும் தோட்டி வேலை பார்க்க வரவில்லை. 2009இல் இங்கே கார்ன்வாலில், நியூகீ ஊர் ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். பவளம் துண்டு துண்டாகிறது, மீனுக்குக் காயம், ஆள் யார் என்று தெரியவில்லை. கடைசியில் கல் கல்லாகப் பிரித்தால் நாலடி நீளத்துக்கு ஒரு பாபிட் புழு. பாரி என்று அதற்குப் பேர்கூட வைத்தார்கள். அந்த இனம் கடலில் 3 மீட்டர்வரை வளரும்.

என் டேங்கில் நடந்தது இது. டேங் என்கிற மீனுக்காக நோரியை (காய்ந்த கடற்பாசித் தாள்) க்ளிப்பில் மாட்டி, சக்‌ஷன் கப் வைத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தால் க்ளிப் கண்ணாடியோடு உரசியபடி கீழே நகர்கிறது. மீன்கள் தூங்குகின்றன. நோரியின் மறுமுனை கல்லுக்குள் இருந்தது. லைட் போட்டேன். தலையில் ஐந்து உணர்கொம்பு, வானவில் மாதிரி மின்னுகிற உடம்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டது, நோரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

நள்ளிரவு டார்ச் தம்பிக்கு என் யோசனை: சந்தேகம் வந்தால் அந்தக் கல்லை எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்க வையுங்கள். உள்ளே எது இருந்தாலும் கதை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன்.

சம்ப்வாசி (டொராண்டோ)

சார், ஐந்து உணர்கொம்பும் மினுமினுப்பும் பாபிட் புழுவும் சேர்ந்த யூனிசிட் குடும்பம். நான் சொன்னது இரு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து வைத்த பிரிஸ்டில் புழு. இரண்டையும் ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள். யூனிசிட்டிலும் பாசி தின்கிற சாது நிறைய உண்டு. உங்களுடையது நோரிக்கு வந்ததைப் பார்த்தால் எனக்கு அதன்மேல்தான் பரிதாபம் வருகிறது.

மெல்போர்ன் மணல்

கல்லைக் கொதிக்க வைக்கச் சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். இதற்காகவே லாகின் செய்தேன்.

விலை மலிவாக வந்த ஒரு கல்லில் பழுப்பு நிறத்தில் பட்டன் பட்டனாக எதுவோ வளர்ந்து பக்கத்துப் பவளத்தை மூடிக்கொண்டு வந்தது. பக்கெட்டில் வைத்து பிரஷ்ஷால் தேய்த்தபோது வாயில் காசை வைத்ததுபோல் உலோக ருசி. சாயந்திரம் குளிர்க் காய்ச்சல், மூச்சு இழுப்பு. இவ்வளவுதான் என் அனுபவம்.

அது பாலித்தோவா, பவளத்துக்கு உறவான ஓர் உயிர். எல்லா பாலித்தோவாவிலும் விஷம் ஒரே அளவில் இருக்காது, ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த விஷத்துக்குப் பேர் பாலிடாக்சின். ஹவாய் மாவி தீவில் ஒரு குட்டையில் வளர்ந்ததை அங்குள்ள பழங்குடி மக்கள் ஈட்டி முனையில் தடவினார்கள் என்பார்கள். அதே உயிரிலிருந்து 1971இல் மூர், ஷோயர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். சூட்டில் இது சுலபத்தில் அழியாது, ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்கப் பரவும். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் டேங்கிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் போனார்கள். எனவே கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், காற்றில் தேய்க்காதீர்கள், பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று டேங்க் பக்கமே போகாதீர்கள். வெட்ட வேண்டுமென்றால் தண்ணீருக்கு அடியிலேயே வெட்டுங்கள். பயன்படுத்திய பிரஷ், பக்கெட்டை குளோரின் ப்ளீச் கரைசலில் அரை மணி நேரமாவது ஊற வைத்த பிறகு கழுவுங்கள். நாய், பூனை அந்தத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். டாக்டரிடம் போனால் "மீன் தொட்டி" என்று பொதுவாகச் சொல்லாமல் பாலிடாக்சின் என்று எழுதிக் காட்டுங்கள், பலருக்கு அது பழக்கமில்லாத பேர்.

கல்தச்சன் (லண்டன்)

என் கல்லில் பாலித்தோவா கிடையாது. கொதிக்க வைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

மெல்போர்ன் மணல்

உங்கள் கல்லில் இல்லை சரி. படிக்கிற அடுத்த ஆளின் கல்லில்?

பூண்டுக்கண் (கோலாலம்பூர்)

சண்டைக்கு நடுவே என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். எய்ப்டேசியா, கல்லில் களைபோலப் பெருகுகிற ஒரு சின்னக் கடல் அனிமோன். கதை எல்லாருக்கும் தெரியும், ஒன்றைச் சுரண்டினால் ஒட்டியிருக்கிற துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். அதனால் தொடாமல், அதைத் தின்கிற பெப்பர்மின்ட் இறால் வாங்கினேன். பகலில் எல்லாம் ஒளிந்திருந்தன. ராத்திரி டார்ச் அடித்தால் எய்ப்டேசியா விரித்த குடை விரித்தபடி நிற்கிறது, பக்கத்தில் என் ஸோவா (பட்டன் பவளம்) கூட்டத்தின் மேல் ஓர் இறால் உட்கார்ந்து ஒவ்வொரு பாலிப்பின் (கூட்டத்தில் உள்ள தனித்தனி உயிர்) வாயிலிருந்தும் எதையோ பிடுங்கி நிதானமாகச் சாப்பிடுகிறது. முதுகில் கூன், உடம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. கேமல் இறாலைப் பெப்பர்மின்ட் என்று விற்றிருக்கிறார்கள். பெப்பர்மின்டுக்குக் கூன் இல்லை, உடம்பு பாதி ஊடுருவித் தெரியும், கோடு சிவப்பு. அந்த நிதானம்தான் மனசிலிருந்து போகவில்லை. இப்போது பெர்கியா நத்தை விட்டிருக்கிறேன், அது எய்ப்டேசியா தவிர வேறெதையும் தின்னாது. தீனி தீர்ந்தால் அதுவே பட்டினியில் செத்துவிடும் என்பது வேறு வருத்தம்.

கண்ணாடிச்சுவர் (சென்னை)

இன்பாக்ஸில் இரண்டு பேர் ராமேஸ்வரத்தில் கல் கிடைக்குமா என்று கேட்டார்கள், பொதுவில் சொல்லிவிடுகிறேன். 2001இலிருந்து கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாக் கல்லைத் தொட்டால் கேஸ்தான்.

நான் உலர் கல் வைத்துத்தான் ஆரம்பித்தேன், ஒரு பூச்சியும் வராது என்ற தைரியத்தில். ஃபிராக் (வெட்டி விற்கிற பவளத் துண்டு) ஒட்டி வந்த சின்ன அடிக்கட்டை போதுமாக இருந்தது. முதலில் சம்பில் வெள்ளையாகக் குட்டிக் குட்டி அன்னாசிகள். அது சைகான் கடற்பஞ்சு, ஒன்றும் செய்யாது. பிறகு அஸ்டெரினா என்ற குட்டி நட்சத்திர மீன். பிறகுதான் வெர்மெட்டிட் நத்தை. தீனி போட்ட ஐந்தாவது நிமிஷம், ஒரு சுண்ணாம்புக் குழாயின் வாயிலிருந்து கோழை நூல் கிளம்பி அக்ரோபோரா பவளத்தின் மேல் வலையாக விரிந்தது. தீனித் துகள் எல்லாம் ஒட்டியதும் வலையை அப்படியே உள்ளே இழுத்து விழுங்கியது. அக்ரோ அன்று முழுக்கப் பாலிப்பை வெளியே நீட்டவில்லை.

பூண்டுக்கண் (கோலாலம்பூர்)

குழாய் வாயில் சூப்பர் க்ளூ ஜெல் ஒரு சொட்டு வையுங்கள் அண்ணா.

கண்ணாடிச்சுவர் (சென்னை)

வைத்தாயிற்று. ஒன்றை அடைத்தால் பின்பக்கம் மூன்று தெரிகிறது. இப்போது பவுடர் தீனியை நிறுத்திவிட்டு, குறட்டால் குழாயை நொறுக்கிக்கொண்டிருக்கிறேன். கல்லின் அடிப்பக்கத்துக்குக் குறடு போகவில்லை. யாரிடமாவது நீளமான வளைந்த மூக்குக் குறடு, துருப்பிடிக்காததாக இருந்தால் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.