பதநீர் விடியும்போதே புளிக்குது, கருப்பட்டி உறையல – எங்கே பிழை?

வரப்புப்பனை (பெகு)

வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் வயல் வரப்பில் நிற்கிற பனையில் 8 மரம் சீவுகிறோம், 5 ஆண், 3 பெண். மாசியில் பாளை கட்டியது. இப்போது மரத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர், மொத்தம் 24 லிட்டர் வருகிறது. முதல் 2 வாரம் கருப்பட்டி நன்றாக உறைந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து பாகு எவ்வளவு காய்ச்சினாலும் பிசின் மாதிரி நிற்கிறது, சிரட்டையில் ஊற்றினால் மறுநாளும் விரலில் ஒட்டுகிறது. இன்னும் காய்ச்சினால் கருகுகிறது.

விவரம்: பழைய மண் கலயம். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் வாங்கியது, டப்பா திறந்து ஒரு மாதம் இருக்கும். மாலை 5 மணிக்குச் சீவிக் கலயம் கட்டி, காலையில் 8:30, 9 மணிக்கு இறக்குகிறோம். காய்ச்சுவது அலுமினிய அண்டாவில்.

இன்னொன்று. குளிர் நாடுகளில் பிர்ச் மரத்தண்டில் துளை போட்டுக் குழாய் செருகி நீர் எடுக்கிறார்களே, பனையிலும் அப்படி அடிமரத்தில் துளைத்தால் ஏறுகிற வேலை மிச்சமாகாதா? ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பது வர வரக் கஷ்டமாக இருக்கிறது.

விடிலி

தம்பி, பிழை அண்டாவில் இல்லை, மரத்து உச்சியிலேயே நடந்து முடிந்துவிட்டது. பதநீரில் இருக்கிற இனிப்பு பெரும்பாலும் கரும்பில் உள்ள அதே சர்க்கரை, சுக்ரோஸ். அதுதான் மணி கட்டி உறையும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உள்ளே புகுந்து புளிப்பேறத் தொடங்கினால் அந்தச் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடும். உடைந்தது உறையாது. உறைய இருக்கிறதையும் அது தடுக்கும். அதனால் நீங்கள் எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் பிசின்தான். நாக்கில் புளிப்புத் தெரிவதற்கு முன்பே இந்த உடைப்பு நடந்திருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

மாசியில் உறைந்தது, பங்குனியில் உறையவில்லை என்றால் காரணம் ராத்திரிச் சூடு. திஞ்ஜான் (சித்திரையை ஒட்டி வரும் பர்மியப் புத்தாண்டு) நெருங்க நெருங்க ராத்திரியும் குளிராது. அதே கலயம், அதே சுண்ணாம்பு, அதே நேரம் என்றால் இனி ஒத்து வராது.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். சூரியன் கலயத்தில் படுவதற்கு முன் எல்லாம் கீழே வந்துவிட வேண்டும். 6:30க்கு மேல் ஒன்றும் மரத்தில் இருக்கக் கூடாது. இறக்கிய ஒரு மணி நேரத்தில் அடுப்பில் கொதி வர வேண்டும்.

அடுத்தது கலயம். மண் கலயத்தின் துளைகளுக்குள் நேற்றைய நொதி அப்படியே உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் அலசினால் போகாது. வெந்நீர் ஊற்றித் தென்னை நாரால் தேய்த்து, வைக்கோல் மூட்டத்தின் மேல் வாயைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு வரும்வரை புகையும் அனலும் பிடிக்க விடுங்கள். இது தினம் நடக்க வேண்டும். அதற்கு மரத்துக்கு 2 கலயம் வேண்டும், ஒன்று மேலே இருக்கும்போது ஒன்று காயும். கள் இறக்கின கலயத்தை எவ்வளவு சுட்டாலும் பதநீருக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

சுண்ணாம்புதான் உங்களிடம் பெரிய கோளாறு. திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் சாக்கட்டியாகிவிடும். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், காரம் இருக்காது. ஒரு மாதம் திறந்த டப்பா வேலைக்கு ஆகாது. கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கி நீங்களே நீற்றி, மேலே 2 விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வையுங்கள். 5 லிட்டர் கலயத்துக்குக் கொட்டைப்பாக்கு அளவு குழம்பை அடியிலும் கால்பாகம் உயரத்துக்கும் தடவினால் போதும். இந்த வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

மகுவே மட்டை

விடிலி ஐயா சொன்ன மற்றது எல்லாம் சரி. சுண்ணாம்பைக் கூட்டலாம் என்ற இடத்தில் மட்டும் நிறுத்துகிறேன். புளிப்புக்குப் பயந்து ஆளாளுக்குச் சுண்ணாம்பை ஏற்றுகிறார்கள், பிறகு கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரலும் கசப்புமாக நிற்கிறது. கண் திட்டம் வேண்டாம். ரங்கூனில் மீன் தொட்டிச் சாமான் விற்கிற கடையில் பி.எச். தாள் கிடைக்கும், வாங்குங்கள். புளிப்பா காரமா என்று நிறத்தால் காட்டும்; 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். மரத்திலிருந்து இறங்கும்போது 9, 10 காட்டினால் அந்தக் கலயம் தப்பித்தது. 7க்குக் கீழே வந்த கலயத்தைத் தனியே வையுங்கள். ஒரு கலயம் புளிப்பு மற்ற 7 கலயத்தையும் கெடுக்கும். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் அண்டாவில் ஊற்ற வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

காய்ச்சும்போது 8க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வழி, பதநீரை மெல்லிய துணியில் வடித்து, அசைக்காமல் அரை மணி நேரம் நிற்கவிட்டு, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேல் தெளிவை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுப்பது. அந்தக் கடைசி ஒரு கை வண்டலுக்கு ஆசைப்படாதீர்கள்.

அலுமினிய அண்டாவையும் விடுங்கள். சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தை அரிக்கும். இரும்பு வாணலி போதும், மேல்பர்மாவின் வறண்ட பக்கத்துத் தஞெ (பனைவெல்லம்) அடுப்புகளில் வாணலிதான். நீளமாகப் பள்ளம் தோண்டி வரிசையாக வாணலி வைத்திருப்பார்கள். தீ முன்வாணலியில் எரியும், அனல் பின்வாணலிகளைச் சூடாக்கிவிட்டுப் போகும். பச்சைப் பதநீர் பின்னால் ஏறி, சுண்டச் சுண்ட முன்னால் வரும். 24 லிட்டருக்கு 2 வாணலி அடுப்பு தாராளம், விறகு நன்றாகக் குறையும்.

வரவைப் பற்றியும் ஒன்று. மரத்துக்கு 3 லிட்டர் நல்ல வரவுதான். ஆனால் பாளையின் வாயில் பிசுபிசுப்பு கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் அரிவாள் மழுங்கல், அல்லது சீவு போதவில்லை. காலையும் மாலையும் சீவ வேண்டும், ஒவ்வொரு முறையும் வெற்றிலைக் காம்புக் கனத்துக்கு ஒரு வில்லை, அதற்கு மேல் வேண்டாம். மழுங்கிய அரிவாள் நாளங்களை அறுக்காது, நசுக்கும். வெட்டுவாய் மங்கலாகத் தெரிந்தால் நசுங்கியிருக்கிறது, பளபளவென்று ஈரம் துளிர்த்தால் சரி. பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவித் தினமும் தீட்டுங்கள். கடிப்பில் (பாளையை இடுக்கும் மரக் கிடுக்கி) இடுக்குவதும் அப்படித்தான். ஆண் பாளையின் அலகுகளை 3, 4 நாள் நீளவாக்கில் இதமாக இடுக்கி வர வேண்டும். ஒரே நாளில் பலமாக நசுக்கினால் உள்ளே அழுகி அந்தப் பாளையே போகும். பெண் பாளையில் காய் திரளுவதற்கு முன் காய்களுக்கு இடையில் காம்பைத்தான் இடுக்க வேண்டும், காயை அல்ல.

வரப்புப்பனை (பெகு)

ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. தாள் வாங்கி இன்று காலை 8 கலயமும் பார்த்தோம். 5 கலயம் 6க்குக் கீழே, ஒன்று 7, இரண்டு 9. அந்த இரண்டையும் மட்டும் தனியாகக் காய்ச்சியதில் உறைந்துவிட்டது! ஏற்கெனவே பிசினாக நிற்கிற பாகு 6 கிலோ இருக்கிறது, அதை என்ன செய்வது? புளித்த பதநீரையும் கொட்டத்தான் வேண்டுமா?

விடிலி

பிசினைத் திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள், உறையாது. கருகல் வாடை இல்லாததைச் சுத்தமான போத்தலில் அடைத்துப் பாகாகவே வையுங்கள், பணியாரத்துக்கும் இட்லி மாவில் வார்க்கிற அடைக்கும் அருமை. நல்ல பதநீரோடு கலந்து காய்ச்சினால் நல்லதும் சேர்ந்து கெடும். புளித்த பதநீரை வாய் அகன்ற ஜாடியில் துணி கட்டி வைத்தால் காடியாகும் (வினிகர்), ஊறுகாய்க்கு ஆகும்.

கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லிட்டர் நல்ல பதநீருக்கு 1 கிலோ கருப்பட்டி என்பது நடுத்தர வரவு. 24 லிட்டருக்கு 3 கிலோ. இங்கத்து வீசை 1 கிலோ 633 கிராம், அதனால் நாளுக்கு 2 வீசைக்குச் சற்றுக் குறைவு. (நம் ஊர் வீசை 1.4 கிலோதான், பேர் ஒன்று, எடை வேறு. வியாபாரிகிட்டே பேசும்போது கவனம்.) இதைவிட மிகக் குறைந்தால் கலயத்தில் சர்க்கரை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேர்நீர்

பிர்ச் மரத் துளைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தம்பி, தயவுசெய்து பனையில் துளை போட்டுவிடாதீர்கள். இரண்டு மரத்திலும் வருவது ஒரே நீர் அல்ல.

பிர்ச்சில் வருவது வேர் மேலே தள்ளுகிற நீர். பனி உருகி மண் இளகும் வசந்தத்தில், இலை விரிவதற்கு முன் 2 முதல் 4 வாரம் வேரின் அழுத்தத்தால் நீர் தண்டின் மரப்பகுதி வழியே ஏறும். தண்டில் 4 சென்டிமீட்டர் ஆழம் துளைத்தால் வெளியே சொட்டும். இலை விரிந்ததும் கலங்கிக் கசக்கும், அத்தோடு அந்த வருஷம் முடிந்தது. அதில் சர்க்கரை 1 சதவீதத்துக்குப் பக்கம், அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ். 1 லிட்டர் பாகுக்கு 100 லிட்டர் அளவுக்கு நீர் வற்ற வேண்டும். உறைந்த கட்டி அதில் வராது, உங்கள் பிசின் பாகு மாதிரியேதான் நிற்கும், காரணமும் அதே காரணம்.

பனையில் வருவது இலை சமைத்துப் பூவுக்கு அனுப்புகிற சாறு, அதனால்தான் 10 சதவீதத்துக்கு மேல் இனிப்பு. அது ஓடுவது பாளையை நோக்கி. அடிமரத்தில் துளைத்தால் ஒன்றும் வராது. அதைவிடக் கேடு, பிர்ச்சுக்குப் பட்டைக்கு உள்ளே வளர்படலம் உண்டு, புது மரம் வளர்ந்து துளையை மூடும். பனைக்கு அது கிடையாது. ஒருமுறை போட்ட துளை மரம் சாகும்வரை திறந்தே இருக்கும், மழைநீரும் பூஞ்சையும் கூன்வண்டும் உள்ளே போகும். வங்காளத்தில் ஈச்சமரத்தின் கழுத்தைச் செதுக்கிக் குளிர்காலத்தில் நீர் எடுக்கிறார்கள், ஆனால் அதுவும் உச்சியில் இளந்தண்டில்தான், அங்கேயும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறுவதை எளிதாக்க வேண்டுமானால் மேல்பர்மாவில் செய்வதுபோல் மரத்தோடு மூங்கில் ஏணி கட்டி விடுங்கள். கட்டுக்கயிறு வெயிலில் இற்றுப்போகும், வருஷா வருஷம் பாளை கட்டுமுன் எல்லாக் கட்டையும் அவிழ்த்துப் புதுசு போட வேண்டும். பழைய கட்டின் மேல் புதுக் கட்டு போட்டால் உள்ளே இற்றது கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்து மரம் நனைந்த அன்று யாரையும் ஏற்றாதீர்கள், அன்றைய பதநீர் போனால் போகட்டும்.

வௌவால் வரும் மரமா? பங்களாதேஷில் ஈச்ச நீரைப் பச்சையாகக் குடித்து நிபா வைரஸ் தொற்றியது வௌவாலின் எச்சிலாலும் மூத்திரத்தாலும்தான். அங்கே மூங்கில் பட்டைத் தட்டி பின்னி, செதுக்கிய இடத்தையும் கலயத்தையும் சேர்த்து மூடிக் கட்டிவிடுகிறார்கள். செலவில்லாத வேலை. பிள்ளைகளுக்குப் பச்சைப் பதநீர் கொடுக்கிற வீடு என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

மகுவே மட்டை

கடைசிப் பதம் பற்றி ஒரு வார்த்தை. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்து ஒன்று தட்டிப் போட்டால் நுரை அடங்கும். நுரை சின்னக் குமிழாகி, துடுப்பிலிருந்து பாகு நூலாக விழும்போது தீயைக் குறைத்துவிட வேண்டும், கருகுவதெல்லாம் இந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில்தான். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். விரலால் உருட்டினால் உருண்டை கெட்டியாக நின்று, கிண்ணத்தில் போட்டால் டொக்கென்று சத்தம் கேட்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 118 முதல் 120 டிகிரி. இறக்கிய பிறகுதான் துடுப்பால் கிண்ட வேண்டும். பளபளப்பு மங்கி மணல் மாதிரி ஆனதும் நனைத்த சிரட்டையில் ஊற்றுங்கள்.

பெகுவில் வைகாசி மழை பிடித்துக்கொண்டால் நன்றாக உறைந்த கருப்பட்டியும் ஈரம் இழுத்துக் கசியும். எங்கள் பக்கம் காற்று வறட்சி, பெட்டியில் போட்டால் கிடக்கும். உங்களுக்கு அது ஆகாது. ஓலைப் பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள், புகை படுகிற இடமாக.