சிடி ஸ்கேன் பிரிவில் பணியாற்ற எந்தப் படிப்பு வேண்டும்?

ஈசூன் இளவல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு இப்போது தேசிய சேவையில் இருக்கிறேன். சேவை முடிந்ததும் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் சிடி ஸ்கேன் பிரிவில் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால், அதற்கான வழியைப் பற்றிக் கேட்கும் இடமெல்லாம் வேறு வேறு பதில் கிடைக்கிறது. சில மாதக் குறுகிய காலப் பயிற்சி போதும் என்கிறார் குடும்ப நண்பர் ஒருவர். இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் சிடிக்கென்றே தனிச் சான்றிதழ்த் தேர்வு இருப்பதாகத் தெரிகிறது. சிங்கப்பூரில் சிடிக்கென்று தனிப் பட்டம் உண்டா? என் பட்டயத்தை வைத்துக்கொண்டு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. திருச்சியில் இருக்கும் என் பெரியப்பா மகன் அங்கே ரேடியாலஜி இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருக்கிறார். அவருக்கு இங்கே வேலை கிடைக்க வாய்ப்பு உண்டா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.

கதிர்க்கூடம் எழுதியது:

தம்பி, நான் அரசாங்க மருத்துவமனையில் ரேடியோகிராஃபராகப் பணியாற்றுபவள். புதிதாகச் சேர்பவர்களைப் பயிற்றுவிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சிங்கப்பூரில் சிடி தொழில்நுட்பர் என்று தனியாக ஒரு நுழைவுத் தகுதி கிடையாது. முதலில் நீங்கள் நோயறி ரேடியோகிராஃபர், அதாவது நோயைக் கண்டறிவதற்கான எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை எடுப்பவர், ஆக வேண்டும். எக்ஸ்ரே பிரிவில் நன்றாகத் தேறிய பிறகுதான் சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம், ரத்தநாளச் சிகிச்சைக் கூடம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வரும். நீங்கள் பார்த்த அமெரிக்கச் சான்றிதழும் இதே வரிசையில் அமைந்ததுதான். அங்கே ரேடியோகிராஃபி, அணு மருத்துவம், கதிர்வீச்சுச் சிகிச்சை போன்ற அடிப்படைத் துறை ஒன்றில் சான்று பெற்றவர்களே அடுத்த கட்டமாகச் சிடி தேர்வை எழுதுகிறார்கள். ஆகவே, அந்தத் தேர்வைக் குறுக்குவழியாக நினைக்க வேண்டாம்.

இங்கே அந்த அடிப்படைத் தகுதியைத் தருவது சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், அதாவது எஸ்ஐடி, 2016 முதல் நடத்திவரும் நோயறி ரேடியோகிராஃபி ஹானர்ஸ் பட்டப்படிப்பு. அதற்கு முன்பு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டயம்தான் இந்தத் துறைக்கு வாசலாக இருந்தது. இன்று மூத்த நிலையில் இருக்கும் என் சக ஊழியர்களில் பலர் அந்தப் பட்டயத்துடன் வேலையில் சேர்ந்து, பிறகு பட்டம் பெற்றவர்கள். யாராவது உங்களிடம் "பட்டயம் போதுமே, நான் அப்படித்தான் சேர்ந்தேன்" என்று சொன்னால், அவர் சொல்வது அந்தக் காலத்து நிலவரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயம் எஸ்ஐடியில் இடம் கேட்பதற்கு நல்ல அடித்தளம். உடற்கூறும் உடலியங்கியலும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆனால், அதை மட்டும் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே கருவியின் அருகே ஊழியராக நிற்க முடியாது.

குறுகிய காலப் பயிற்சி பற்றிச் சொன்ன நண்பர் ஒருவேளை கதிர்ப்படப் பிரிவின் உதவியாளர் வேலையை நினைத்திருக்கலாம். நோயாளியை அழைத்து வருவது, உடை மாற்ற உதவுவது, படுக்கையிலிருந்து ஸ்கேன் மேசைக்கு மாற்றுவது, முன்பதிவுகளைக் கவனிப்பது ஆகியவை உதவியாளரின் பொறுப்புகள். அது மரியாதைக்குரிய வேலை. அவர்கள் இல்லாமல் எங்கள் பிரிவு ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஆனால், அவர்கள் கதிர்வீச்சுக் கருவியை இயக்குவதில்லை.

பட்டம் பெற்ற பின் இரண்டு சட்டங்களை நீங்கள் சந்திப்பீர்கள். ஒன்று, 2011இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டம். அதன்கீழ் அமைந்த மன்றம் தொடக்கத்தில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரைப் பதிவு செய்தது. பின்னர் நோயறி ரேடியோகிராஃபர்களும் கதிர்வீச்சுச் சிகிச்சையாளர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். மன்றத்தில் பதிவும், தொழில் செய்வதற்கான நடப்புச் சான்றிதழும் இல்லாமல் இந்தப் பணியைச் செய்ய இயலாது. சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. மற்றொன்று 2007ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம். இதை நடைமுறைப்படுத்துவது தேசியச் சுற்றுப்புற வாரியம். கருவிகளுக்கும் கதிர்வீச்சுச் சூழலில் வேலை செய்பவர்களுக்கும் அதன்கீழ் உரிமமும் பதிவும் உண்டு. அந்தத் தாள்வேலையில் நீங்கள் தனியாக அலைய வேண்டியிராது. உங்கள் துறையே வழிகாட்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு சிடிக்கு எப்போது போகலாம் என்பது மருத்துவமனையைப் பொறுத்தது. பொதுவாக எக்ஸ்ரே, அவசரச் சிகிச்சைப் பிரிவு, அறுவைக் கூடம், வார்டுகளுக்கு எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே ஆகியவற்றில் நம்பிக்கை பிறந்த பிறகே சிடி சுழற்சியில் போடுவார்கள். அங்கே மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், தலை, மார்பு, வயிறு, ரத்தநாளம் என்று ஒவ்வொரு வகை ஸ்கேனாகச் செய்து, பதிவேட்டில் ஒப்புதல் வாங்கி, மதிப்பீட்டில் தேறினால்தான் தனியாக விடுவார்கள். இரவுப் பணியில் சிடி அறையில் உங்களுடன் மிகச் சிலரே இருப்பார்கள் என்பதால், இந்தக் கட்டத்தை யாரும் அவசரப்படுத்துவதில்லை, அவசரப்படுத்தவும் கூடாது.

உறந்தைக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவன்தான்.

தமிழ்நாட்டில் ரேடியாலஜி என்ற பெயரில் பல படிப்புகள் உள்ளன. டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்ந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் இரண்டாண்டுப் பட்டயம் வேறு. தனியார் நிறுவனங்கள் தரும் ஓராண்டுச் சான்றிதழ்கள் வேறு. உங்கள் அண்ணன் எதை முடித்திருக்கிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி பெற்றார் என்பதைக் காட்டும் கடிதம் ஆகியவற்றை இப்போதே கல்லூரியில் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊரை விட்டு வந்த பிறகு அந்தக் கடிதத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு வேலை முன்னே, பதிவு பின்னே என்பதுதான் வரிசை. இங்குள்ள மருத்துவமனை வேலை தர முன்வந்த பிறகே மன்றத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். பதிவும் தொடக்கத்தில் நிபந்தனையுடன்தான் கிடைக்கும். அதாவது, முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்ற வேண்டும். அவர் அனுப்பும் மதிப்பீடு திருப்தியாக இருந்தால் முழுப் பதிவுக்கு வழி திறக்கும். ஊரில் சிடியில் நல்ல அனுபவம் இருந்தாலும் இங்கே மீண்டும் எக்ஸ்ரேயிலிருந்து தொடங்கச் சொல்லலாம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இங்குள்ள நடைமுறைகளும் நோயாளியிடம் சம்மதம் கேட்கும் முறையும் ஆவணப் பழக்கமும் வேறு.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "பதிவு வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் முகவர்களை நம்ப வேண்டாம். பதிவை எவரும் வாங்கித் தர முடியாது. அரசாங்க மருத்துவமனைகள் சிங்ஹெல்த், என்எச்ஜி ஹெல்த் (முன்பு தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம்), தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு ஆகிய மூன்று குழுமங்களின்கீழ் இயங்குகின்றன. மூன்றும் தங்கள் வேலையிடங்களைத் தங்கள் இணையத்தளங்களிலேயே அறிவிக்கின்றன.

ஈசூன் இளவல் எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. மனத்தில் இருப்பதைத் திறந்தே கேட்டுவிடுகிறேன். இன்றைய சிடி கருவிகள் பெரும்பாலும் தாமாகவே கதிர்வீச்சு அளவைக் கணித்துக்கொள்கின்றன என்கிறார்கள். ஸ்கேன் சில விநாடிகளில் முடிகிறது; படத்தைப் படித்து அறிக்கை தருபவர் கதிரியக்க மருத்துவர். அப்படியிருக்க, இடையில் இருப்பவருக்கு நான்கு ஆண்டுப் பட்டம் ஏன் தேவைப்படுகிறது?

கதிர்க்கூடம் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

முதலில் கதிர்வீச்சின் அளவு. உடல் பெறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் நோயாளி பெறுவது 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிறும் இடுப்பும் சேர்ந்த சிடி ஸ்கேனில் அது ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை போகும். கருவி தானாக அளவைக் கணிப்பது உண்மைதான். ஆனால், அது முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தை வைத்தே கணிக்கிறது. நோயாளியை வளையத்தின் நடுவில் சரியாகப் படுக்க வைக்காமல் எக்ஸ்ரே குழாய்க்கு அருகில் வரும்படி விட்டுவிட்டால், அந்த முன்னோட்டத்தில் அவர் உடல் பெரிதாகத் தெரியும். பருமனான உடல் என்று எண்ணிக் கருவி தேவைக்கு மேல் கதிர்வீச்சைத் தரும். இதைக் கண்டுபிடித்து மேசையின் உயரத்தைத் திருத்துவது மனிதர் செய்யும் வேலை. குழந்தை என்றால் இந்தக் கவனம் இன்னும் பல மடங்கு வேண்டும்.

அடுத்தது, ரத்தநாளங்களும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் கலந்த மாறுபடு மருந்து. அதைச் செலுத்துவதற்கு முன் நோயாளியின் சிறுநீரகச் செயல்பாடு என்ன, முன்பு ஒவ்வாமை வந்ததா, நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டறிய வேண்டும். ரத்தநாளப் படத்துக்கு விநாடிக்கு 4 அல்லது 5 மில்லிலிட்டர் வேகத்தில் மருந்து பாயும். ஊசி ரத்தநாளத்தில் சரியாக இல்லையென்றால் அவ்வளவு மருந்தும் தசைக்குள் இறங்கி, கை வீங்கி, சில சமயம் அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். கடும் ஒவ்வாமை வந்தால் முதலில் கவனித்து உதவிக்கு அழைக்க வேண்டியவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ரேடியோகிராஃபர்தான்.

நேரம் பார்ப்பதும் ஒரு கலை. நுரையீரல் ரத்தநாளத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனில், மருந்து அந்த நாளத்தை நிறைக்கும் சில விநாடிகளுக்குள் படம் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி மூச்சை மிக ஆழமாக இழுத்தால், அடிவயிற்றிலிருந்து மருந்து கலக்காத ரத்தம் திடீரென்று இதயத்துக்குள் பாய்ந்து படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே "மெதுவாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்குவோம். கருவியில் பதிந்திருக்கும் ஆங்கிலக் குரல் புரியாத தாத்தா பாட்டிமார் எங்களிடம் நிறைய வருகிறார்கள். தமிழிலோ மலாயிலோ ஹொக்கியனிலோ சொல்லத் தெரிந்தவர் அருகில் இருந்தால், இரண்டாம் முறை மருந்தும் கதிர்வீச்சும் கொடுக்க வேண்டிய நிலையே வராது. உங்கள் தமிழ் இந்த வேலையில் உண்மையாகவே பயன்படும்.

பக்கவாத நோயாளி வரும்போது, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சிடி காட்டிய பிறகே உறைவைக் கரைக்கும் மருந்தைத் தொடங்க முடியும். அந்த மருந்துக்கு வழக்கமான கால எல்லை அறிகுறி தோன்றியதிலிருந்து நான்கரை மணி நேரம். அறிக்கை தருபவர் மருத்துவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், மேசையில் நோயாளி இருக்கும்போதே திரையில் வெள்ளையாகத் தெரியும் ரத்தக்கசிவை அடையாளம் கண்டு, உடனே மருத்துவரை அழைக்கும் அறிவு எங்களிடமும் இருக்க வேண்டும். படிப்பு நான்காண்டு நீள்வது இதற்காகத்தான்.

எங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது உண்டு. அனைத்துலக வழிகாட்டுதல் ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்பு வைத்திருக்கிறது. சிடியில் ஸ்கேன் நடக்கும்போது நாங்கள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், அந்த வரம்பிலிருந்து வெகு தூரத்தில்தான் இருக்கிறோம். நாங்கள் பெறும் கதிர்வீச்சைக் காட்டும் அளவுமானியைத் தவறாமல் அணிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

புக்கிட் பாத்தோக் அம்மா எழுதியது:

என் மகள் இந்தப் படிப்பில் இருக்கிறாள் என்பதால் செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுகாதார அமைச்சின் சார்பில் வழங்கப்படும் துணை மருத்துவ உபகாரச் சம்பளங்கள் கல்விக் கட்டணத்துடன் படிப்புக் காலத்துக்கான படித்தொகையும் தருகின்றன. பதிலுக்குப் பட்டம் பெற்றபின் பொதுச் சுகாதாரத் துறையில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். நீங்கள் எப்படியும் அரசாங்க மருத்துவமனையில்தான் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதால் அந்த ஒப்பந்தம் உங்களுக்குச் சுமையாகத் தெரியாது. இருந்தாலும், மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் பகுதிநேர வேலை செய்ய நேரமே கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் காலை வேளைப் பயிற்சிக்குக் கிளம்பினால், மாலையில் திரும்பி வந்து பாடக் குறிப்பு எழுதவே பொழுது சரியாக இருக்கிறது. நேர்காணலுக்கு முன் எஸ்ஐடியின் பொது வரவேற்பு நாளுக்குச் சென்று, அங்கே வரும் மாணவர்களிடம் இரவுப் பணி, நோயாளியைத் தூக்கி மாற்றுவது, ரத்தம் பார்ப்பது ஆகியவற்றைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். தேசிய சேவை முடியும் மாதத்தையும் விண்ணப்பம் முடிவடையும் தேதியையும் இப்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், தம்பி. சேவை முடிவதற்கு முன்பே விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொள்ளலாம்.