தூங்குமூஞ்சி மரக் கிளையை இறக்கும்போது ஆடி வந்து அடிமரத்தில் இடிக்கிறது, கயிறு பிடிப்பவரையும் தூக்குகிறது. என்ன செய்யலாம்?

வில்லிவாக்கம் கதிர்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மரம் கழிக்கும் வேலை பார்க்கிறேன், எங்கள் ஆட்களில் மேலே ஏறுவது நான்தான். இப்போது கையில் இருப்பது ஒரு வீட்டு காம்பவுண்டுக்குள் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் ஒரு கிளை, அடியில் ஒரு அடி விட்டம் இருக்கும், படுக்கைவாக்கில் இருபது அடி நீண்டு பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மேலே போய் நிற்கிறது, தழையெல்லாம் நுனியில்தான். மழை ஆரம்பிப்பதற்குள் அதை எடுக்கணும், மரம் அப்படியே இருக்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர்.

இதே மரத்தில் எதிர்ப்பக்கக் கிளையைப் போன வாரம் இறக்கினோம். கிளையின் அடிப்பக்கம் கயிறு கட்டி, பக்கத்துக் கவட்டையில் போட்டு, கீழே இரண்டு பேர் பிடித்தார்கள். மேலிருந்து பாதி அறுப்பதற்குள் கிளை நெடுக்காகப் பிளந்து, பட்டை அடிமரம் வரை உரிந்துவிட்டது. கிளை விட்டதும் நுனி சரேலென்று கீழே போய், மொத்தமும் நான் நின்ற பக்கம் ஆடி வந்து இடித்தது. கயிறு பிடித்தவர்கள் தரையை விட்டே எழும்பிவிட்டார்கள். அங்கே கீழே காலி இடம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பக்கம் அப்படி விட முடியாது. கயிறு 16 எம்எம் நைலான், பாரிமுனையில் வாங்கியது. கவட்டையில் உரசிய இடம் இப்போது பளபளவென்று கெட்டியாக இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

தாம்பரம் மூர்த்தி:

தம்பி, கயிறு கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: கூடாது. பளபளப்பான இடம் சூட்டில் உருகி மறுபடி உறைந்த இடம். பாரம் விழும்போது அங்கேதான் அறும். அப்புறம் அது நைலான்தானா என்று பாருங்கள், ஒரு விரல் நீளம் வெட்டி, கசக்கிக் காற்றை எடுத்துவிட்டு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலான் இல்லை. கடையில் நைலான் என்று சொல்லித் தரும் நீலக் கயிறு, பச்சைக் கயிறு எல்லாம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், 165 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். நைலான் 220 வரை தாங்கும், ஆனால் ரொம்ப இழுபடும், நனைந்தால் பலமும் கொஞ்சம் குறையும். இறக்கும் வேலைக்கு பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள், இழுவை குறைவு, சூடும் தாங்கும். எந்தக் கயிறானாலும் முடிச்சு போட்ட இடத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும், சில முடிச்சில் பாதி போகும். அதனால் அறுபடும் எடை என்று கடைக்காரர் சொல்வதில் பத்தில் ஒரு பங்குதான் உங்கள் கணக்கு.

அந்தக் கயிறை இரண்டாக வெட்டிப் போடுங்கள். ஓரமாக வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள்.

அடையாறு ஜோசப்:

மூர்த்தி அண்ணன் சொன்னதோடு எடையையும் பாருங்கள் கதிர். பச்சை மரம் ஒரு அடி விட்டத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கே ஏறக்குறைய 60 கிலோ வரும். உங்கள் கிளை நுனியில் சிறுத்தாலும் தழையோடு 200 கிலோவுக்குக் குறையாது. அது ஒரு அடி தடாலென்று விழுந்து நின்றாலே கயிற்றில் பாரம் பல மடங்கு ஏறும். இரண்டு பேர் என்ன, நாலு பேர் பிடித்தாலும் தூக்கத்தான் செய்யும்.

பிடிக்க வேண்டியது மரம், ஆள் இல்லை. கயிறு மேலிருந்து இறங்கி வந்ததும் தூரில் மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கே உங்கள் கைப்பிடி நாலைந்து மடங்காகும், மூன்று சுற்றில் ஒரே ஆள் சாவகாசமாக விட்டுக்கொடுக்கலாம். மரம் இருக்கப்போகிறது என்பதால் தூரில் ஈரச்சாக்கைக் கட்டி அதன்மேல் சுற்றுங்கள், பட்டை தப்பும். கீழே இருப்பவர் கயிறைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரலே போய்விடும். காலடியில் வளையம் கிடக்காமலும் பார்த்துக்கொள்ளணும்.

ஆடி வந்ததற்குக் காரணம், கயிறு தொங்கிய இடம் அடிமரத்தை ஒட்டி இருந்தது, கிளையோ தள்ளி இருந்தது. அறுந்ததும் கயிறு தொங்கும் இடத்துக்கு நேர் கீழே வரத்தானே செய்யும்? இந்த முறை கிளைக்கு நேர் மேலே, கூடிய வரை உயரத்தில் வேறொரு நல்ல கவட்டையைப் பிடியுங்கள். அதில் ஒரு நல்ல கப்பி மாட்டினால் கயிறு உரசாது. ஆனால் கப்பி தொங்கும் கிளைமேல் பாரம் இரட்டிப்பாகும், கீழே இழுக்கும் பாரமும் அதன் தலையில்தான், அதனால் அரிவாள் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் அந்தக் கிளை வேண்டாம்.

கயிறை எங்கே கட்டுவது என்பதுதான் உங்கள் வேலையில் பெரிய விஷயம். அடியில் கட்டினால் நுனி முதலில் இறங்கும், ஷீட் காலி. நுனியில் கட்டினால் அடி இறங்கும். உங்களுக்கு அடி இறங்குவதுதான் வேண்டும், அது காம்பவுண்டுக்குள் இருக்கிறதே. கட்டை விரல் தடிமனில் இருக்கும் நுனிகளை முதலில் கைரம்பத்தால் கழித்து இறக்கி லேசாக்கிவிடுங்கள், பிறகு எடை சமமாகும் இடத்தைத் தாண்டி நுனிப்பக்கம் கட்டுங்கள். அடிப்பக்கம் இன்னொரு இழுப்புக் கயிறு கட்டி, தள்ளி நிற்கும் ஒருவரிடம் கொடுங்கள், உங்கள் பக்கம் ஆட விடாமல் அவர் பிடித்துக்கொள்வார். ஒரே துண்டாக எடுக்க ஆசைப்படவேண்டாம், அஞ்சு அஞ்சு அடியாக எடுங்கள்.

வில்லிவாக்கம் கதிர்:

வாளியில் போட்டுப் பார்த்தேன் அண்ணே, மிதக்கிறது. வெட்டிப் போட்டுவிட்டேன். கிளை பிளந்ததற்கு என்ன காரணம்? மெஷின் ரம்பம் புது செயின்தான்.

அடையாறு ஜோசப்:

செயின் மேல் தப்பில்லை. படுக்கைக் கிளையில் மேல்பக்கம் இழுபட்டு நிற்கும், கீழ்ப்பக்கம் நசுங்கி நிற்கும். மேலிருந்து மட்டும் அறுத்தால் கீழே மிச்சம் இருக்கும் கட்டை பாரம் தாங்காமல் நெடுக்காகக் கிழியும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து கால் பங்கு அறுங்கள். அதற்கு மேல் போனால் ரம்பம் இறுகிக்கொள்ளும். அப்புறம் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் நுனிப்பக்கம் தள்ளி மேலிருந்து அறுங்கள், கிளை படி போல உடைந்து கயிற்றில் வரும். கடைசியில் மிஞ்சும் குட்டையை, கிளை சேரும் இடத்தில் இருக்கும் வீக்கத்தை விட்டு வெளியே அறுங்கள். அந்த வீக்கத்திலிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து வெட்டை மூடும், அதை வழித்து அறுத்தால் தண்ணீர் இறங்கி அழுகும். உங்கள் எதிர்ப்பக்கம் உரிந்த பட்டையையும் தொங்காமல் சுத்தமாக வெட்டிவிடுங்கள், தார் பூச வேண்டாம்.

ரம்பத்தின் முனையில் மேல்பாதி எதிலும் படக்கூடாது, பட்டால் முகத்துக்கு நேரே எகிறும். மரத்தில் இருக்கும்போது ஒற்றைக் கையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

தாம்பரம் மூர்த்தி:

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஆடி வரும்போது நீங்கள் எதில் கட்டியிருந்தீர்கள்? கிளை இறக்கும் கயிறும் உங்கள் உயிர்க்கயிறும் ஒரே கவட்டையில் இருக்கக்கூடாது, அந்தக் கவட்டை போனால் ஆளும் போவார். ரம்பம் ஓட்டும்போது இரண்டு கட்டு வேண்டும், அதில் ஒன்று உள்ளே கம்பி வைத்த இடுப்புக் கயிறாக இருக்கட்டும், சாதாரணக் கயிறு ரம்பம் பட்டால் ஒரு நொடிகூட நிற்காது.

வில்லிவாக்கம் கதிர்:

இரண்டும் ஒரே கவட்டைதான் அண்ணே, மாற்றிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்குப் போகும் ஈபி சர்வீஸ் ஒயர் கிளை நுனிக்குக் கீழே ஆறடியில் போகிறது. ரப்பர் கையுறை போட்டால் போதுமா?

தாம்பரம் மூர்த்தி:

போதாது தம்பி. ஒயருக்கு மேல் இருக்கும் உறையை நம்பாதீர்கள், வெயிலில் வெடித்திருக்கும். ஈரக் கயிறு, ஈரத் தழை இரண்டிலும் கரண்ட் ஏறும். பத்தடிக்குள் லைன் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து கம்பத்தில் துண்டித்த பிறகுதான் ஏறணும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் ஒயரில் கரண்ட் இருக்கும். பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி, ஷீட்டுக்குக் கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாறு ஜோசப்:

கயிறு, கப்பி செலவை வீட்டுக்காரரிடம் பேசும்போதே கூலியில் சேர்த்துவிடுங்கள் கதிர். ஷீட் உடைந்தால் கொடுக்க வேண்டியதையும் கணக்குப் போட்டுக் காட்டினால் மறுக்கமாட்டார். மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.