முகாமுக்குப் பை வேண்டாம், ஆடி ஒன்றுக்குக் கூழ் காய்ச்சலாம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். துபாய்த் தம்பி போட்ட மடலையும் அதற்கு வந்த பதில்களையும் இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கம் இருக்கும் பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் முகாமில் வீட்டுக்கு ஒரு பை கொடுக்கலாம், அதில் அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு போர்வை, பை மேல் நம் ஊர்ச் சங்கத்தின் பெயர் என்பது அவர் யோசனை. பெங்களூர் மாமா அன்றைக்கே தன் பங்குத் தொகையையும் சொல்லிவிட்டார். மனசு நல்ல மனசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பை வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதே பணத்தில் ஆடி ஒன்றாம் தேதி நம்மூரும் முகாமும் சேர்ந்து ஒரே இடத்தில் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சலாம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரிசி. முகாமில் பதிவானவர்களுக்கு மாதாமாதம் அரிசியை அரசாங்கமே கொடுக்கிறது. பணக்கொடையும் உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபோது குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்ததை 1,500 ஆக்கினார்கள், மற்ற பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆனது, பிள்ளைகளுக்கு 400-லிருந்து 500. அதோடு தமிழ்நாடு முழுக்க முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் அப்போதுதான். அந்தப் பணத்தில் குடும்பம் நடத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை, பெயின்டிங் வேலைக்குப் போனால்தான் அங்கே அடுப்பு எரியும். ஆனால் அரிசிப் பை தூக்கிக்கொண்டு போய் நாம் நிரப்புகிற மாதிரி அங்கே ஒரு குறை இல்லை. வரிசையில் நின்று வாங்கும் பொருள் அவர்களுக்கு ஏற்கெனவே வருகிறது. 1990-லிருந்தே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அவர்களுக்கு வராதது நம் வீட்டுப் பத்திரிகை. யோசித்துப் பாருங்கள், நம்மூரிலிருந்து முகாம் எவ்வளவு தூரம்? ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறினால் இடையில் வந்துவிடுகிற தூரம். இத்தனை வருடத்தில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு அங்கே யாருக்காவது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறோமா? நம் புது வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் பாதிப் பேர் முகாம் பையன்கள்தான். கிரகப்பிரவேசத்துக்கு அவர்களில் யார் வந்தார்கள்?

நான் இருக்கும் கனடா ஸ்கார்பரோவில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். இங்கே ஊர்க்காரர்கள் ஈழத்துக்காரர்கள், வந்தேறி நான். ஜனவரிக் குளிரில் வந்து இறங்கி, வீட்டு வாடகைக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் நின்றபோது, கையெழுத்துப் போட்டது ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்கார அண்ணன். அவர் கடையில் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் நான் உள்ளேயே போனேன். “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றேன். கிருஷ்ணகிரி பக்கம் எந்த முகாம் என்று அடுத்த கேள்வி. அவருடைய சின்னம்மா குடும்பம் தமிழ்நாட்டு முகாமில் இருந்ததாம். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரிந்தது, பாம்பாறு பெயரைச் சொன்னேன். அடுத்த கேள்விகளுக்குத்தான் திணறினேன். அங்கே எத்தனை குடும்பம், எப்படி இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்த ஈழத்துக்காரர்களும் கனடாவில் ராஜா மாதிரி வந்து இறங்கவில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை நடுக்கடலில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. பனிமூட்டத்தில் அவர்களைக் கண்டு கரை சேர்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். இதை இங்குள்ள பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று இங்கே வக்கீல், டாக்டர், எம்.பி. அதே சண்டைக்குத் தப்பி ராமேஸ்வரத்துக்குப் படகேறியவர்களின் பிள்ளைகள் பி.இ. முடித்துவிட்டு ஒசூரில் சாரத்தில் நின்று பெயின்ட் அடிக்கிறார்கள். படகு எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

என்னோடு ஊத்தங்கரையில் படித்த ஒருவன் இருக்கிறான். நம் செட்டுக்கு யாரென்று தெரியும், பெயர் வேண்டாம். 1990-ல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது கைக்குழந்தையாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வந்து இறங்கியவன். கணக்கில் என்னைவிட எப்போதும் பத்து மார்க் கூட. அவன் டப்பாவில் பிட்டும் சம்பலும் இருக்கும், என் டப்பாவில் அம்மா வைத்த களியுருண்டையும் கீரை மசியலும். மத்தியானம் டப்பா மாறிவிடும். களியை அவனுக்கு முழுங்கத் தெரியாது, மென்றுகொண்டே இருப்பான், நாங்கள் சிரிப்போம். போன முறை லீவில் வந்தபோது அவன் வீட்டுக்குப் போனேன். ஸ்வீட் பாக்ஸைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் அம்மா நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். அணையில் பிடித்த ஜிலேபிக் கெண்டை, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி, கூட இடியப்பம். “சாப்பிட்டுட்டுத்தான் போக வேணும்” என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை ஸ்வீட் பாக்ஸை யாரும் திறக்கவில்லை. நான் கை கழுவி வந்த பிறகுதான் பேத்தியைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். வாங்குவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்கிற கணக்கு அது. நம் சங்கத்துப் பையில் அந்த அம்மாவுக்கு இந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது? வாங்கிக்கொள்ள வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் கூழ் என்கிறேன். ஆடி பிறந்தால் நம் பக்கம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் ஆடிப்பிறப்பு பெரிய நாள், அவர்களும் அன்றைக்குக் கூழ்தான் காய்ச்சுவார்கள். ஆனால் அது வேறு கூழ். நம்முடையது முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் வெந்ததும் மாவை ஊற்றித் துடுப்புப் போட்டுக் கிண்டி, ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது. அவர்களுடையது இனிப்பு. பச்சைப்பயற்றை வாசம் வர வறுத்து வேகவைத்து, பச்சரிசி மாவைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிப் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூடாகக் குடிப்பது. பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிப்பார்களாம். நம் பக்கம் பலாவுக்கு எங்கே போவது, தொன்னை போதும். பனங்கட்டி கிடைக்காவிட்டால் கடத்தூர் வெல்லம் இருக்கிறது. இரண்டு அண்டாவும் பக்கத்துப் பக்கத்தில் ஏறட்டும். நம் அம்மாக்கள் ஒரு அண்டாவுக்கு, அவர்கள் ஒரு அண்டாவுக்கு. உருண்டை கிள்ள எத்தனை கை இருந்தாலும் போதாது, அந்த வேலையில்தான் பேச்சே வரும். நீலம் மாம்பழம் அப்போதும் வந்துகொண்டிருக்கும், அதையும் நறுக்கி வைத்துவிடலாம்.

முகாமில் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இல்லை என்று ஒரு பதிலில் அக்கா எழுதியிருந்தார். சரியாகச் சொன்னார். வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்தவர்களில் மலையகத்தார் நிறைய. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வடக்கே போனவர்கள், அங்கே சண்டை வந்து இங்கே வந்தவர்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் தேயிலைக்குப் போனது திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து. 1965 வரை நாமும் சேலம் ஜில்லாதான், மறந்துவிட வேண்டாம். யார் கண்டது, அந்த வரிசையில் நம் பங்காளிகள் யாராவது இருக்கலாம். அவர்கள் வீட்டு ரொட்டியும் சம்பலும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இடம்தான் தகராறு. கோயிலில் வைக்கலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருக்கிறார். வேண்டாம் அண்ணா. கோயில் கூழ் என்றதும் அண்டாவை யார் தொடலாம், யார் எந்தப் பக்கம் நிற்கலாம் என்ற பேச்சு வந்துவிடும். நம்மூர் நமக்குத் தெரியாதா? முகாமில் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும், இருக்கிறார்கள். கோயில் கூழ் வழக்கம்போல அதன் நாளில் நடக்கட்டும். இதைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைப்போம். காலனிக்கும் முறையாக வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். முகாமை மட்டும் கூப்பிட்டுவிட்டு காலனியை விட்டுவிட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

மேடை, பேனர், சால்வை, சிறப்பு விருந்தினர் எதுவும் கூடாது. மைக் வைத்தால் யாராவது பேசிவிடுவார்கள், கூழ் ஆறிவிடும். போட்டோ எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், முகாம் பிள்ளைகளின் முகத்தை மட்டும் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மாதத்தில் அதிகாரிகள் வந்து ஆள் கணக்குப் பார்க்கும் நாள் உண்டு. அன்றைக்கு வெளியே இருந்தால் அவர்களுக்குத்தான் சிக்கல். அதனால் தேதியை முகாம் தலைவரிடம் கேட்டுவிட்டு உறுதி செய்ய வேண்டும். மறுவாழ்வுத் துறை தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும், சொல்லாமல் கூட்டம் கூட்டினோம் என்ற பேச்சு வரக்கூடாது.

அப்புறம் காசு விஷயம். முகாம் பெண்கள் காய்ச்சும் அண்டாவுக்கு மளிகை நம் செலவு, கூலி தர வேண்டாம், அன்றைக்கு அவர்களும் விருந்து வைப்பவர்கள். மற்ற நாளில் அவர்கள் சமைத்தால் கட்டாயம் காசு கொடுக்க வேண்டும். நம் கிராமத்தில் கல்யாணம், சீர் என்றால் காலை டிபனுக்கு ஊத்தங்கரையிலிருந்து மாஸ்டர் வருகிறார். ஒரு பந்திக்கு இடியப்பம் சொதி அவர்களிடம் ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். சிங்கப்பூர் அண்ணன் வீட்டுக் கல்யாணம் தையில் வருகிறதே, அதில் ஆரம்பிக்கலாம். பேரம் பேசாமல் மாஸ்டருக்குக் கொடுக்கும் அதே ரேட்.

பெங்களூர் மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். “ஒரு நாள் கூழ் குடித்தால் குடியுரிமை வந்துவிடுமா?” வராது மாமா. 2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுதான் இருக்கிறது, இலங்கை இல்லை. 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்திய மண்ணில் பிறந்தாலும் அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். ஆக, முகாமிலேயே பிறந்து, ஊத்தங்கரையிலேயே படித்து, நம்மைப் போலவே பேசும் பிள்ளைக்கும் சர்க்கார் வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. அண்டாக் கூழ் இதை அசைக்காது. ஆனால் பழக்கம் இருந்தால் நடக்கிற காரியங்கள் சில உண்டு. காலேஜ் சீட்டுக்கு அலைகிற பிள்ளைக்கு ஒசூர் கம்பெனியில் யாரைப் பார்ப்பது என்று நம் ஆள் ஒருவர் சொல்லலாம். தாலுகா ஆபீசுக்கு ஒருவர் கூடப் போகலாம். முகாமுக்கு வெளியே வாடகை வீடு பார்த்தால் “நமக்குத் தெரிந்த குடும்பம்தான்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லலாம். எனக்கு ஸ்கார்பரோவில் அந்தக் கடைக்கார அண்ணன் செய்தது இவ்வளவுதான். என் வாழ்க்கை அதில்தான் நின்றது.

ஆக, செய்ய வேண்டியவை. துபாய்த் தம்பி பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், முன்பணம் போயிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடம் ஊரில் இருக்கும் மாமா யாராவது பேச வேண்டும். அண்டா, துடுப்பு, தார்ப்பாய் மூன்றும் மாரியம்மன் கோயில் அறையில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரிந்தவர் எழுதுங்கள். முகாம் தலைவரிடம் பேச என் வகுப்புக்காரனைக் கேட்டிருக்கிறேன். அவன் போட்ட ஒரே நிபந்தனை, பச்சைப்பயறை அவன் அம்மாதான் வறுப்பாராம், நாம் வறுத்தால் கருக்கிவிடுவோமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

அன்புடன்,
மேலத்தெரு கடைசி வீட்டுப் பையன், ஸ்கார்பரோ