கீபாஸ் கோப்பா, சொந்த வால்ட்வார்டன் சர்வரா?

சாவிக்கொத்து:
பயன்படுத்துவோர் இருவர். லேப்டாப் இரண்டு, ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன். பாஸ்வேர்டுகளை கீபாஸின் கேடிபிஎக்ஸ் கோப்பில் (எல்லாம் பூட்டிய ஒரே கோப்பு) வைத்து, சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங்கில் பகிர்வதா? பிட்வார்டன் செயலிகள் இணையும் வால்ட்வார்டன் சர்வரை டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டியாக, அதாவது கன்டெய்னராக ஓட்டும் கருவி) ஏற்றுவதா? எது பாதுகாப்பு?

அரைப்புள்ளி:
பாதுகாப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு வலுவாக இருந்தால், திருடியவனுக்கு இரண்டிலும் கிடைப்பது குப்பைதான். எத்தனை பேர் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் என்றால் கோப்பே போதும். இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால் சிக்கல்: கோப்புக்குள் இருப்பது சிங்க்திங்குக்குத் தெரியாது. முந்திச் சேமித்ததை ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிடும். கவனிக்காவிட்டால் அதிலுள்ள புதுப் பதிவு அங்கேயே கிடக்கும். அப்படி நடந்தால் கீபாஸ்எக்ஸ்சியில் (கேடிபிஎக்ஸ் கோப்பைத் திறக்கும் லேப்டாப் செயலி) முதன்மைக் கோப்பைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் மெர்ஜ் கொடுத்து அந்த கான்ஃப்ளிக்ட் கோப்பைக் காட்டுங்கள். பதிவு பதிவாக ஒப்பிட்டுச் சேர்க்கும். சரிபார்த்த பிறகே கான்ஃப்ளிக்ட் கோப்பை நீக்குங்கள். ஐபோனுக்கு சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ செயலியும் கிடையாது. உங்களுக்கு சர்வர்தான் சரி.

கருந்திரை:
சர்வர் என்று சொல்வது சுலபம், பேக்கப்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். வால்ட்வார்டன் பதிவுகளை வைக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நகலெடுத்தால், கடைசியாக எழுதியவை பக்கத்திலுள்ள ‘டபிள்யூஏஎல்’ (WAL) என்ற தற்காலிகப் பதிவுக் கோப்பிலேயே தங்கிவிடலாம். கன்டெய்னரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள், அல்லது எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைக் கொடுங்கள். இணைப்புக் கோப்புகள் தனி ஃபோல்டரில் இருக்கும், அதையும் சேர்த்து. பிறகு அந்த பேக்கப்பை லேப்டாப்பிலேயே, லோக்கல்ஹோஸ்ட் (அந்த லேப்டாப்பையே குறிக்கும் முகவரி) வழியாக எழுப்பிப் பாருங்கள். அங்கே மட்டும் எச்டிடிபிஎஸ் இல்லாமலும் வெப் வால்ட் (பிரவுசரில் பாஸ்வேர்டுகளைக் காட்டும் பக்கம்) திறக்கும்.

சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடத் தேவையில்லை, வெளியிலிருந்து இணைய வயர்கார்டு என்ற விபிஎன் போதும். இருவருக்கும் கணக்கு திறந்ததும் புதுப்பதிவு வசதியை மூடிவிடுங்கள்.

சாவிக்கொத்து:
சர்வர் படுத்துவிட்டால்?

கருந்திரை:
பிட்வார்டன் செயலியில் உள்ள நகலைப் படிக்கலாம், புதிதாகச் சேமிக்க முடியாது. அந்த நேரத்தில் லாக்அவுட் மட்டும் செய்யாதீர்கள், உள்ளிருக்கும் நகலும் போய்விடும். சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி, டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு இரண்டும் வால்ட்டுக்குள் மட்டும் இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அரைப்புள்ளி:
பாஸ்வேர்டுகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டட்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ‘அக்கவுன்ட் ரெஸ்ட்ரிக்டட்’ கோப்பை அதே கணக்கில்தான் திரும்ப ஏற்ற முடியும். சர்வரே போனபின் அதனால் பயனில்லை. நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஆர்கனைசேஷன் (பொதுத் தொகுப்பு) பதிவுகள் தனிநபர் ஏற்றுமதியில் வராது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.