சார்கோபீனியா: தேய்வா, சிதைவா, இழப்பா, நலிவா?

சொற்பட்டியல் தொகுப்பவர்:

முதியோர் நலக் கையேட்டுச் சொற்பட்டியலில் ஒரு சொல் மட்டும் நகராமல் நிற்கிறது: சார்கோபீனியா. வயது ஏற ஏறத் தசை குறைந்து வலுவும் குன்றுவது. இர்வின் ரோசன்பெர்க் 1988இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் நடந்த கூட்டத்தில் முன்வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் ஊன், பீனியா என்றால் வறுமை. இதுவரை வந்த பரிந்துரைகள் தசைத்தேய்வு, தசைச்சிதைவு, தசையிழப்பு, ஊன்குறை. தசையிழப்பு படித்ததும் புரிகிறது என்பதால் என் வாக்கு அதற்கே. மற்றவர்கள் சொல்லுங்கள்.

இயன்முறை மருத்துவர்:

எதை எடுத்தாலும் தேய்வை மட்டும் எடுக்காதீர்கள். ‘மூட்டுத் தேய்மானம்’ என்று கேட்ட மறுநாளே மாடிப்படி ஏறுவதை நிறுத்துகிறவர்கள் நம் மக்கள். தேய்கிற பொருளைப் புழங்காமல் வைத்தால் நீடிக்கும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும் கணக்கு. தசையில் கணக்கு நேர் எதிர். பளு ஏற்றாவிட்டால்தான் கரையும்.

சிதைவும் கூடாது. பரம்பரையாக வரும் தசைநோய்க்கு அது ஏற்கெனவே போய்விட்டது. மீளாது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவோ பெரிதும் மீட்கக்கூடியது. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு, எல்லாரும் 90 வயதை ஒட்டியவர்கள், எட்டு வாரம் கடும் பளுப்பயிற்சி கொடுத்ததில், முடித்த ஒன்பது பேரின் தொடைவலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

பயிற்சிக்கான சொல்லையும் இப்போதே முடித்துவிடலாம். ஆங்கிலத்தின் ‘ரெசிஸ்டன்ஸ் டிரெயினிங்’கை அப்படியே ‘எதிர்ப்புப் பயிற்சி’ என்றால் நோய் எதிர்ப்பு நினைவுக்கு வரும். பளுப்பயிற்சி போதும். கையேட்டில் அதன் கீழ் இப்படி எழுதலாம்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடவும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி எழுந்து உட்காரவும். முதலில் 8 முறை, பிறகு 12 வரை, இரண்டு மூன்று சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. கடைசி இரண்டு தடவை திணறவேண்டும். திணறாவிட்டால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யவும். இந்த ஏற்றம் இல்லாமல் மாதக்கணக்கில் ஒரே அளவில் நின்றுவிடுவதுதான் பலன் தெரியாமல் போவதற்கு முக்கியக் காரணம். உட்காரும்போது பொத்தென்று விழக்கூடாது. இறங்கும் மூன்று நொடியில்தான் பாதி வேலை. முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும், எழும்போது வெளியே விடவேண்டும். காலை நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் தொடைத்தசைக்குப் போதாது.

முதியோர் மருத்துவர்:

தசையிழப்பு என்ற பெயர் 2010 வரை சரியாக இருந்திருக்கும். இப்போது வலு முன்னால் வந்துவிட்டது, அளவு பின்னால். சார்கோபீனியாவுக்கான ஐரோப்பிய நிபுணர் குழுவின் திருத்திய வரையறை வலுக்குறைவைத்தான் முதல் அடையாளமாக வைக்கிறது. அதேபோன்ற ஆசியக் குழுவின் 2019 அளவுகோலில் பிடிவலு, அதாவது கையால் கருவியை இறுக்கிப் பிடிக்கும் வலு, ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழ் என்றால் ஐயம். கருவி இல்லையா, மேலே சொன்ன அதே நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அடுத்த கட்டம் போகவேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. இதற்குக் குறைந்தாலும் அப்படியே. கால் வீங்கியிருந்தால் நாடா ஏமாற்றும்.

ஆகவே அளவு, வலு இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும். ‘நலிவு’ தாங்கும் என்று நினைக்கிறேன். நலிவடைந்த ஆலை என்கிறோம், முதலீடு போட்டால் மறுபடி ஓடும் என்ற நம்பிக்கை அதில் உண்டு. வலு மட்டும் குறைவதற்கு 2008இல் டைனபீனியா என்று தனிப்பெயர் வந்தது. அதை வலுக்குறை எனலாம். நரம்பு அறுந்தோ இளம்பிள்ளைவாதத்திலோ வற்றுவதற்கு ஊர்ப்பேச்சில் இருக்கும் சூம்பலே அருமையான சொல். புற்றுநோயில் உடல் உருகுவது நோய்மெலிவு.

ஒரு சிக்கல். மூப்பு மட்டுமே காரணமில்லை. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்தசையில் ஏறக்குறைய ஒரு கிலோ போய்விட்டது. அதற்கு?

உணவியலாளர்:

அதற்குக் ‘கிடைநலிவு’. கிடையாய்க் கிடக்கிறார் என்று சொல்கிறோமே, அந்தக் கிடை.

என் பங்குக்கு ஒரு சொல் கேட்கிறேன். வயதான தசைக்குச் சிறிதளவு புரதம் உறைப்பதில்லை. இளைஞருக்கு ஒருவேளைக்கு 20 கிராமில் நடக்கும் தசைக்கட்டுமானம் முதியவருக்கு 25, 30 கிராம் இருந்தால்தான் நடக்கிறது. இதைப் ‘புரத மந்தம்’ என்று எழுதினால் வயிற்று மந்தமென்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிப்பார்கள். ‘கட்டுமான மந்தம்’ சரிப்படுமா?

சொல்லோடு தட்டையும் காட்டவேண்டும். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு காப்பி எல்லாம் சேர்த்தும் 10 கிராமைத் தாண்டாது. இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். முட்டை ஆகாதவர்களுக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு தம்ளர் பாலும் 14, 15 கிராம் தரும். இரவு ரசஞ்சோறு நாலைந்து கிராமோடு நின்றுவிடும், நம் வீடுகளில் புரதம் ஒழுகும் ஓட்டை அதுதான். பல் போனபின் கஞ்சிக்கு மாறுவது இன்னொன்று. அவர்களுக்குக் குழைய வேகவைத்த பருப்பு, பனீர், முள் எடுத்த மீன் தோதுப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 வரை வேண்டும் என்பதே பல நிபுணர் குழுக்களின் கணக்கு, அதாவது 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பயிற்சி இல்லாமல் புரதப்பொடியை மட்டும் கரைத்துக் குடிப்பதில் பெரிதாக ஒன்றும் நடக்காது.

தமிழாசிரியர்:

நலிவுக்கு என் ஆதரவு. ஆனால் எழுதும்போது ‘மூப்புத் தசைநலிவு’ என்று எழுதுங்கள், ‘மூப்புத்தசை நலிவு’ என்று பிரித்துவிடாதீர்கள். பின்னது ‘மூப்புத்தசை’ என்று ஒரு தசை இருப்பதுபோலப் படிக்கப்படும். ‘தசைநார்’ பக்கம் போகவே வேண்டாம், அதை ஆளுக்கொரு பொருளில் எழுதுகிறார்கள். ஊன்குறை செறிவான சொல்தான். ஆனால் ஊன் என்றதும் இன்று புலால்தான் தட்டுப்படும்.

சொற்பட்டியல் தொகுப்பவர்:

தசையிழப்பைத் திரும்பப் பெறுகிறேன். தலைச்சொல் தசைநலிவு. வயதால் வருவது மூப்புத் தசைநலிவு, படுக்கையால் வருவது கிடைநலிவு. வலுக்குறை, சூம்பல், நோய்மெலிவு, பளுப்பயிற்சி, பிடிவலு, கட்டுமான மந்தம் ஆகியவையும் ஏற்கப்பட்டன. நாற்காலிச் சோதனைக்கு ‘எழுந்தமர் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். முதுமையில் உடல் முழுவதும் தாக்குப்பிடிக்கும் திறன் குன்றுவதற்கு ‘நொய்ம்மை’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியுள்ளார். நொய்யரிசி நினைவுக்கு வந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.