15,000 ரூபாயில் ஹெட்போனுக்கு எவ்வளவு, ஆம்புக்கு எவ்வளவு?

குமரன்_கோவை:
வணக்கம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. நல்ல ஹெட்போனும் அதற்குப் பொருத்தமான ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்க வேண்டும். லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் இரண்டிலும் கேட்பேன். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள், அப்புறம் பழைய கச்சேரிப் பதிவுகள். கடையில் "பாதி ஹெட்போனுக்கு, பாதி ஆம்புக்கு" என்கிறார்கள். நண்பன் ஒருவன் ஆம்பே வேண்டாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

செவிச்செல்வம்:
நண்பன் சொல்வதைக் கேளுங்கள். ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது ஹெட்போன்தான். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே பாஸிலும் ட்ரெபிளிலும் பத்து டெசிபல் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளை ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டால், எது எது என்று காதால் பிரித்துச் சொல்வது மிகக் கடினம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் ஹெட்போனின் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, 35 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் தரும். போனிலோ லேப்டாப்பிலோ செருகி ஹெட்போனை மாட்டும் விரல் நீள யூ.எஸ்.பி. டாங்கிள் 1 வோல்ட் கொடுத்தாலே உச்சத்தில் 112 டெசிபல் வந்துவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் சராசரி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டின் உச்சங்கள் அந்தச் சராசரிக்கு மேல் 20 டெசிபல் எகிறினாலும் 100தான் ஆகிறது. மீதி 12 டெசிபல் சும்மா கிடக்கும்போது ஆம்புக்கு ஏன் 7,000 ரூபாய்?

ஈயப்பற்று:
கணக்கு சரி. ஆனால் சுலபமாக ஓடுகிற ஹெட்போனை எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. சென்ஹைசர் எச்.டி. 650-ஐ எடுங்கள். 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். உச்சத்தில் 110 வேண்டுமென்றால் 2.2 வோல்ட்டுக்கு மேல் தேவை. கரண்ட் 8 மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். ஹைஃபைமேன் எச்.ஈ.400 எஸ்.ஈ. போன்ற பிளானர் (தட்டையான மெல்லிய சவ்வு அதிரும் வகை) இதற்கு நேர் எதிர். 32 ஓம், மில்லிவாட்டுக்கு 91 டெசிபல்தான். அதே 110-க்கு 1.6 வோல்ட் போதும், ஆனால் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒன்று வோல்டேஜ் கேட்கிறது, இன்னொன்று கரண்ட் கேட்கிறது. பொருத்தம் பார்ப்பது என்றால் இதைப் பார்ப்பதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டும் இதே காரணத்தால் ஏமாற்றும். 32 ஓமில் 100 மில்லிவாட் என்று எழுதிய ஆம்ப் கொடுப்பது சுமார் 1.8 வோல்ட். அதே வோல்டேஜில் 300 ஓம் ஹெட்போனுக்குப் போவது 11 மில்லிவாட்கூட இல்லை.

செவிச்செல்வம்:
அந்த 11 மில்லிவாட்டில் எச்.டி. 650 ஏறக்குறைய 108 டெசிபல் கொடுக்கும். அதுவே காதைப் புண்ணாக்கும் சத்தம். உங்கள் எண்களே என் பக்கம்தான் பேசுகின்றன.

ஈயப்பற்று:
ஈக்யூவை, அதாவது பாஸையும் ட்ரெபிளையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரை, விட்டுவிட்டீர்கள். விலை குறைந்த ஹெட்போனை ஈக்யூ போட்டுத் திருத்தலாம் என்று எல்லோருக்கும் சொல்பவர் நீங்கள். பாஸை 6 டெசிபல் ஏற்றினால், ஒலி உடையாமல் இருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். 1 வோல்ட் அங்கேயே அரை வோல்ட் ஆகிவிட்டது. அதன் மேல் குமரன் கேட்கப்போவது பழைய கச்சேரிப் பதிவுகள். இன்றைய சினிமாப் பாட்டு மாதிரி அவை சத்தத்தை ஏற்றி முடிக்கப்பட்டவை அல்ல. பல பதிவுகளில் ஆலாபனை முழுக்கத் தணிந்தே ஓடும். அந்தப் பதிவுகளுக்குத்தான் ஆம்பில் கையிருப்பு வேண்டும்.

மீனா_மதுரை:
இருவரும் ஓமிலேயே நிற்கிறீர்கள். குமரன் தம்பி, நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்? தலைக்கு மேல் ஃபேன் ஓடுமா? பக்கத்தில் ஆள் இருப்பார்களா? எச்.டி. 650, எச்.ஈ.400 எஸ்.ஈ. இரண்டும் ஓப்பன் பேக். உள்ளே பாடுவது வெளியே கேட்கும், ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வரும். சித்திரை மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு யாரும் தம்புரா கேட்க முடியாது.

குமரன்_கோவை:
ஃபேன் எப்போதும் ஓடும் அக்கா. தம்பியும் அதே அறையில்தான் படிக்கிறான். நான் கண்ணாடி போடுபவன்.

மீனா_மதுரை:
அப்படியானால் பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு பேக்தான். அதிலும் கண்ணாடிக் காம்பு பேடுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் பாஸ் கசிந்துவிடும். எந்த ஆம்பும் அதைத் திருப்பித் தராது. ரெக்சின் பேடு நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் உரியும். பேடு தனியாகக் கிடைக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். துணி பேடு மாற்றினால் ஒலியும் கொஞ்சம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செவிச்செல்வம்:
அக்கா சொன்னதோடு பட்டியல் சுருங்கிவிட்டது. எம்40எக்ஸ் வாங்குங்கள், ஒரு டாங்கிள் வாங்குங்கள், மீதிப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஈக்யூ போட லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., போனில் வேவ்லெட், இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், விலைக்கும் அதிர்வெண் அமைப்புக்கும் (பாஸ் முதல் ட்ரெபிள் வரை எது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கும்) தொடர்பில்லை என்றே கண்டார். ஹெட்போனுக்கே இதுதான் நிலை என்றால், விலையை நம்பி ஆம்ப் வாங்குவதில் என்ன நியாயம்?

ஈயப்பற்று:
அந்தக் கட்டுரை ஆம்பைப் பற்றியதல்ல. விலை கூடினால் நல்ல ஆம்ப் என்று நானும் சொல்லவில்லை. 2011-இல் பெயர் வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்பின் சர்க்யூட்டை எல்லோருக்கும் திறந்து வைத்தார். சாதாரண ஐ.சி.க்கள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, அரை ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்தத் தடை). சால்ட்ரிங் தெரிந்தால் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைத் தேடி வாங்கிக் கட்டிவிடலாம்.

க்ளோஸ்டு பேக் என்றால் நான் பார்ப்பது பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ, 80 ஓம் வகை. வெல்வெட் மாதிரியான பேடு, கண்ணாடியோடு உறுத்தாது, உதிரிப் பாகங்கள் கிடைக்கும். மில்லிவாட்டுக்கு 96 டெசிபல், அதாவது 1 வோல்ட்டில் 107. அதன் ட்ரெபிள் கூர்மையானது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குத்தும், அதனால் ஈக்யூ கட்டாயம். அந்த ஈக்யூவில் பாஸையும் 6 ஏற்றினால், அது போக 101. தணிந்த பதிவென்றால் இன்னும் கீழே. குறைந்தது 2 வோல்ட் கொடுக்கும் டாங்கிள் இல்லாமல் இதை எடுக்காதீர்கள்.

குமரன்_கோவை:
அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் முன்பக்கம் ஹெட்போன் செருகும் துளை உண்டு. அதையே பயன்படுத்தினால் செலவு மிச்சமாகுமே?

ஈயப்பற்று:
பழைய ஆம்புகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்தத் துளைக்குக் கொடுத்திருப்பார்கள். ஹெட்போனுக்கு 120 ஓம் அவுட்புட் என்று ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமே ஒரு காலத்தில் சொன்னது. ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்பின் அவுட்புட் இருக்க வேண்டும் என்பது இன்றைய பொதுவான அளவுகோல். 80 ஓமுக்கு அது 10 ஓம். அந்தத் துளையில் டைனமிக் ஹெட்போனை (பிளானர் அல்லாத சாதாரண வகை) செருகினால் பாஸ் பொதபொதவென்று வீங்கலாம்.

செவிச்செல்வம்:
எவ்வளவு வீங்கும் என்பதையும் சொல்லுங்கள். எச்.டி. 650-இன் இம்பீடன்ஸ் பாஸ் பகுதியில் 500 ஓம் வரை ஏறும். அதை 120 ஓம் துளையில் போட்டால் மாற்றம் ஏறக்குறைய 1 டெசிபல்தான். அதைச் சிலர் விரும்பியே கேட்கிறார்கள். வீட்டில் இருப்பதைப் போட்டுப் பார்க்கக் காசு ஆகாது.

ஈயப்பற்று:
அவர் வாங்கப்போவது 300 ஓம் ஹெட்போன் அல்ல. 35 ஓமுக்கும் 80 ஓமுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. போட்டுப் பார்க்கட்டும், ஆனால் வால்யூமை அடியில் வைத்துத் தொடங்கட்டும். அந்த ஆம்ப் ஸ்பீக்கருக்காகச் செய்தது, சத்தம் சட்டென்று ஏறும்.

குமரன்_கோவை:
சரி. எம்40எக்ஸ், டி.டி. 770 இரண்டையும் கடையில் கண்ணாடியோடு போட்டுப் பார்க்கிறேன். டாங்கிள் எது வாங்கினாலும் பரவாயில்லையா?

செவிச்செல்வம்:
ஆப்பிள் டாங்கிள் அளவீட்டில் அருமையானது, ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முழுச் சத்தம் வராது. உங்கள் போனோடு சரியாக ஓடுகிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். எம்40எக்ஸ் என்றால் 1 வோல்ட் போதும் என்பதில் நான் மாறவில்லை.

ஈயப்பற்று:
2 வோல்ட் என்பதில் நானும் மாறவில்லை. உங்களிடம் இருப்பதிலேயே மிகத் தணிந்த கச்சேரிப் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். கடையில் ஓடும் சினிமாப் பாட்டில் எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும்.